வக்கீல் பெயர் தெரியாத வழக்கு
வழக்கறிஞர் விளம்பரத்தின் நூற்றாண்டுக் கதை

(தொலைக்காட்சி மன்றம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வழக்கறிஞர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்யலாமா என்பது இன்றைய மன்றத்தின் கேள்வி. எனக்கு முன்னால் பேசியவர்கள் 'செய்யலாம்', 'கூடாது' என்று இரு பக்கமாக நின்று வாதாடினார்கள். நான் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டலாம் என்று வந்திருக்கிறேன். ஆனால் கதை லண்டனிலோ நியூயார்க்கிலோ தொடங்கவில்லை. என் ஊரான சாஆவில் தொடங்குகிறது.

ஜொகூரில் யோங் பெங்கிலிருந்து சிகாமட்டுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில் லாபிசுக்கு முன்னால் வரும் சிறிய பட்டணம் சாஆ. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். விடியும் முன்னே மோட்டார் சைக்கிள்கள் சாலையில் இறங்கிவிடும். அதே சாலையில் லோரிகளும் ஓடும். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் விபத்து தொடாத குடும்பம் குறைவு.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் கணவர் அப்படித்தான் இறந்தார். கருமாதி முடிவதற்குள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல தமிழில், ஆறுதலாகப் பேசினார். "அக்கா, நீங்க ஒன்னும் அலைய வேணாம். கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அந்த அம்மாவும் போட்டார். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. நான்காம் ஆண்டில் என்னிடம் வந்து, "கேஸ் என்ன ஆச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். "வக்கீல் பெயர் என்னம்மா?" என்று கேட்டேன். "அது தெரியாதுங்க. அந்தத் தம்பிதான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டாரு" என்றார். விசாரித்துப் பார்த்தபோது வழக்கே பதிவாகியிருக்கவில்லை.

அன்பர்களே, இந்த ஒரு பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். தன் வழக்கறிஞரின் பெயரே தெரியாத ஒருவர் நம் நாட்டில் எப்படி உருவாகிறார்?

மரியாதையில் பிறந்த தடை

நம் நாட்டுச் சட்டத் தொழில் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர்கள் மேட்டுக்குடியினர். தாங்கள் செய்வது வணிகம் அல்ல, தொண்டு என்பது அவர்களின் எண்ணம். கட்சிக்காரர் தருவது கூலி அல்ல, காணிக்கை. கட்டணம் வராவிட்டாலும் அதைக் கேட்டு பாரிஸ்டர் வழக்குப் போட முடியாது என்று 1863இல் ஒரு தீர்ப்பே உண்டு. கூலி கேட்பதே கௌரவக் குறைவு என்றால், கடைக்காரரைப் போல் கூவி அழைப்பது எவ்வளவு பெரிய இழுக்கு! விளம்பரத் தடையின் வேர் இங்கேதான் இருக்கிறது. பொதுமக்களைக் காப்பது என்ற காரணம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

அமெரிக்காவில் தொடக்கத்தில் இந்தக் கூச்சம் இல்லை. பின்னாளில் அதிபரான ஆபிரகாம் லிங்கன், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் வழக்கறிஞராக இருந்தபோது உள்ளூர்ப் பத்திரிகைகளில் தம் அலுவலகத்தைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டவர்தான். 1908இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் ஒழுக்க விதிகளை வகுத்து விளம்பரத்தைக் கண்டித்தது. அதன்பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அங்கும் இந்தக் கதவு அடைத்தே கிடந்தது.

175 டாலர் விளம்பரம்

அந்தக் கதவைத் தட்டியவர்கள் அரிசோனா மாநிலத்தின் இரண்டு இளம் வழக்கறிஞர்கள், ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன். 1974இல் ஃபீனிக்ஸ் நகரில், நடுத்தர மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் சட்ட சேவை தரும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். குறைந்த கட்டணம் என்றால் நிறைய ஆட்கள் வரவேண்டும். ஆட்கள் வரவேண்டுமானால் அவர்களுக்குச் செய்தி தெரியவேண்டும். 1976 பிப்ரவரியில் துணிந்து ஒரு நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். அதில் ஆரவாரம் எதுவும் கிடையாது. எதிர்ப்பில்லாத மணவிலக்குக்கு 175 டாலர், பெயர் மாற்றத்துக்கு 95 டாலர், நீதிமன்றச் செலவு தனியாக 20 டாலர் என்று விலைப்பட்டியல் போலத்தான் இருந்தது.

மாநில வழக்கறிஞர் சங்கம் அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1977 ஜூன் 27ஆம் நாள் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் வென்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், இந்தத் தடை ஒழுக்க நெறியாகத் தோன்றியதல்ல, பண்பாட்டு வழக்கமாகத் தோன்றியது என்று சுட்டிக்காட்டினார். எந்த வழக்கறிஞரிடம் போவது, எவ்வளவு செலவாகும் என்று தெரியாத மக்கள் நீதிமன்றத்தின் பக்கமே வராமல் போய்விடுகிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆனால் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தனிச் சிக்கல்கள் இருக்கலாம் என்று சொல்லி அந்தக் கேள்வியை அவர் முடிவு செய்யாமல் விட்டார்.

கேள்வி நின்றது, விளம்பரம் நிற்கவில்லை. அதே 1977இல் ஜேக்கபி அண்டு மேயர்ஸ் என்ற நிறுவனம் தொலைக்காட்சியில் தோன்றியது. இன்று அமெரிக்காவில் தொலைக்காட்சியைத் திறந்தால் "விபத்தா? உடனே அழையுங்கள்" என்ற குரல்தான். வானொலியிலும் நெடுஞ்சாலைப் பலகைகளிலும் அதுவேதான். விபத்து நடந்த வீடுகளுக்கு வழக்கறிஞர்களின் கடிதங்கள் குவியத் தொடங்கின. முப்பது நாள் கழியும்வரை அப்படிக் கடிதம் அனுப்பக்கூடாது என்று ஃபுளோரிடா மாநிலம் விதி போட்டது. 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது. அதற்கும் அதே ஐந்துக்கு நான்குதான்! துக்க வீட்டு வாசலில் தரகர் நிற்கும் காட்சி சாஆவில் மட்டும் இல்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

தடை போனாலும் தரகர் போகவில்லை

இனி இங்கிலாந்து. அங்கே சொலிசிட்டர்கள் விளம்பரம் செய்ய 1984இல் அனுமதி கிடைத்தது. 1995இல் 'வென்றால்தான் கட்டணம்' என்ற முறையும் வந்தது. இரண்டும் சேர்ந்தபோது ஒரு புதுப் பிராணி பிறந்தது. வழக்கறிஞர் அல்லாத நிறுவனங்கள் பகல்நேரத் தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டு, விபத்தில் அடிபட்டவர்களைச் சேர்த்து, வழக்கறிஞர்களுக்கு விற்றன. கையில் கோப்போடு தெருவில் ஆள்பிடித்தவர்களும் உண்டு. கிடைத்த இழப்பீட்டில் பெரும்பங்கு கட்டணத்துக்கும் காப்புறுதிக்கும் போக, அடிபட்டவர் கையில் சொற்பமே மிஞ்சிய வழக்குகள் பல. கிளெய்ம்ஸ் டைரக்ட் என்ற நிறுவனம் 2002இல் சரிந்தது. அடுத்த ஆண்டு தி ஆக்சிடெண்ட் குரூப் நொடித்தபோது, வேலை போய்விட்டது என்ற செய்தியை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் சொன்னார்கள். அதன்பிறகு 2006இல் இத்தகைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 2013இல் காய வழக்குகளை அனுப்பி வைப்பதற்குத் தரகு கொடுப்பதே தடை செய்யப்பட்டது.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. விளம்பரத்துக்குக் கதவைத் திறந்தால் தரகர் ஒழிந்துவிடுவார் என்று நினைத்தார்கள். அவரோ கோட்டு மாட்டிக்கொண்டு தொலைக்காட்சிக்கே வந்துவிட்டார்.

தாயகத்தின் கடுமை

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் மற்ற பகுதிகளிலும் இதற்கு நேர் எதிரான நிலை. நீதிமன்ற வாசலில் ஆள்பிடிக்கும் தரகர்களுக்கு எதிராக 1879ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஏற்பாடு உண்டு. பெயரும் முகவரியும் மட்டும் அச்சடித்த அஞ்சல் அட்டையை அனுப்பியதையே தவறு என்று 1929இல் பம்பாய் உயர்நீதிமன்றம் கண்டது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி சுற்றறிக்கை, விளம்பரம், தரகர் ஆகிய எல்லா வழிகளையும் அடைக்கிறது. அலுவலகப் பெயர்ப்பலகைகூட அளவோடுதான் இருக்கவேண்டும். பம்பாயில் போலீஸ் கோர்ட்டு வாசலில் கட்சிக்காரர்களைப் பிடிக்க வழக்கறிஞர்கள் முட்டி மோதிய விவகாரம் 1975இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி கிருஷ்ணய்யர் சட்டத் தொழில் சந்தை வணிகம் ஆகிவிடக்கூடாது என்று கண்டித்தார்.

2008இல் வழக்கறிஞர்கள் இணையத்தில் பெயர், முகவரி, தகுதி போன்ற அடிப்படை விவரங்களை மட்டும் வெளியிடலாம் என்று விதி சற்றே தளர்ந்தது. ஆனால் 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கறிஞர்களைப் பொருள்போல் பட்டியலிட்டு விற்கும் இணையத் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. அஞ்சல் அட்டையிலிருந்து இணையம்வரை சுமார் நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. வழக்கு என்னவோ ஒன்றேதான்.

நம் நாட்டு நிலை

மலேசியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டமும் 1978ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் ஆள்பிடிப்பதைத் தடுக்கின்றன. தரகருக்குப் பணம் கொடுத்து வழக்குச் சேர்ப்பது வழக்கறிஞருக்கு ஒழுங்கீனம். வழக்கில் வென்றால்தான் கட்டணம் என்று ஒப்பந்தம் போடவும் அதே சட்டம் இடம் தரவில்லை. 2001இல் வந்த விளம்பர விதிகள், எல்லைகளுக்கு உட்பட்டுத் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வழக்கறிஞர்களுக்கு ஓரளவு வழிவிட்டன. அதனால்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கேட்கும் கூச்சலை நாம் நம் தமிழ் வானொலியில் கேட்பதில்லை. சட்டக் கேள்வி பதில் நிகழ்ச்சிகளைத்தான் கேட்கிறோம். அது நல்லதே.

ஆனால் அந்தத் தோட்டத்து அம்மாவை மறந்துவிடாதீர்கள். விதிக்குக் கட்டுப்பட்ட வழக்கறிஞர் வாய் மூடியிருந்தார். விதியே இல்லாத தரகர் வீட்டுக்கு வந்து பேசினார். தடை நல்லவரை மௌனமாக்கியது, மற்றவருக்கு வாசலைத் திறந்துவிட்டது. இதுதான் நம் நாட்டுச் சிக்கல். இங்கிலாந்தின் கதையைப் பார்த்தால் கூச்சல் விளம்பரமும் இதற்கு மருந்தாகாது.

அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளிக்குக் கிராணியும் தண்டலும் சொல்வதே சட்டம். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்படி மலாயாவில் ஒரு பிரதிநிதியை இந்திய அரசாங்கம் நியமித்த பிறகு, குறையைச் சொல்ல ஓர் இடமாவது இருந்தது. இன்று இடங்கள் பல. அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை 1970 முதல் இருந்து வருகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் உண்டு. குற்ற வழக்குகளில் உதவும் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012இல் பணியைத் தொடங்கியது. இவை யாருக்குத் தெரியும்? தரகரின் கைப்பேசி எண் தெரிந்த அளவுக்கு இவற்றின் பெயர்கள் நம் மக்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். 'நாங்கள் வெல்வோம், எங்களிடம் வாருங்கள்' என்ற விளம்பரம் வேண்டாம். ஆனால் அறிவிப்பு வேண்டும். இந்த ஊரில் இந்தப் பெயருள்ள வழக்கறிஞர் இருக்கிறார், இன்ன வழக்குகளைப் பார்க்கிறார், முதல் ஆலோசனைக்கு இவ்வளவு வெள்ளி என்று தெளிவாகச் சொல்ல வழி வேண்டும். அதைத் தனி நிறுவனம் சொல்வதைவிட, வழக்கறிஞர் மன்றமே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நம் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்வது மேல். பிளாக்மன் கவலைப்பட்ட அறியாமையும் தீரும், கிருஷ்ணய்யர் அஞ்சிய சந்தையும் வராது.

அதுவரை நாமே சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வோம். விபத்தில் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்த குடும்பம் இழப்பீடு கேட்க மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். காயமடைந்தவருக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள். அரசாங்கத்துக்கு எதிரான வழக்கு என்றால் மூன்றே ஆண்டுகள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் சொக்சோவில் பாதுகாப்பு உண்டு. வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். போடும் எதற்கும் ஒரு நகல் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், "வழக்கறிஞர் பெயர் என்ன, அலுவலகம் எங்கே, அவரை நான் நேரில் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த அம்மாவுக்குத் தோட்டக் கிராணியின் புண்ணியத்தில் சொக்சோ பணம் மட்டும் கிடைத்தது. நம்பியிருந்தோர் கேட்கக்கூடிய இழப்பீட்டுக்கு மூன்று ஆண்டுக் கெடு முடிந்துபோயிருந்தது. "யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இந்த மன்றத்தின் வழியாக இன்னும் சில வீடுகளுக்காவது முன்னாடியே சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு விடைபெறுகிறேன்.