மருந்துக்கு அடங்காத கிருமி

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எச்.ஐ.வி. தொற்றை இந்நாட்டில் முதன்முதல் கண்டறிந்தனர். மறு ஆண்டு அமெரிக்காவில் ஜிடோவுடின் வந்தது. தனித்தளித்த அம்மருந்தைத் தாங்கக் கிருமி சில மாதங்களில் பழகிற்று; தன்னைப் படியெடுக்கையில் பிழை செய்வதே அதன் பலம். 1996 முதல் மும்மருந்துகள் சேர்ந்தே அதனை அடக்கின. 2004 ஏப்ரலில் தாம்பரம் முதலிய இடங்களில் அரசு அவற்றை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று.

இடையில் நிறுத்தினால் என்னாகும்? நெவிரபின் இரத்தத்தில் நெடுநாள் தங்குவது. மற்றவை கரைந்தபின் அது தனித்து நிற்க, கிருமி அதனை வெல்லக் கற்கிறது. லாமிவுடினை எதிர்க்கவோ, 184-ஆம் இடத்தில் ஒரே மாற்றம் போதும். பின்னர் இரண்டாம் வரிசை மருந்தையே நாட வேண்டும். இன்றைய டோலுடெக்ராவிரிடம் கிருமி எளிதில் தப்புவதில்லை; அதுவும் நாள்தோறும் உண்டால்தான். குன்னத்துகால் போன்ற எல்லையூரிலிருந்து வெளியூர் வேலைக்குச் செல்வோரிடம் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தனுப்புவதை நாம் சலுகையெனக் கருதவில்லை, அதுவும் சிகிச்சையே.