உரல் முதல் கிரைண்டர் வரை: தமிழ் வீட்டு அரவையும் அடுக்களைக் குறிப்புகளின் வரலாறும்

முன்னுரை

மிக்ஸியில் உளுந்து அரைத்தால் ஐஸ் தண்ணீர் சேர்க்க வேண்டும். பிளேடு மழுங்கினால் ஒரு பிடி கல் உப்பைப் போட்டு ஓட்ட வேண்டும். புதுக் கிரைண்டரில் முதல் ஈட்டை அரைத்துக் கொட்டிவிட வேண்டும். தமிழ் வீடுகளில் வாய்மொழியாகவும் மகளிர் இதழ்களின் துணுக்குகளாகவும் உலவும் இத்தகைய குறிப்புகள் வரலாற்றுச் சான்றுகளாகப் பெரும்பாலும் மதிக்கப்படுவதில்லை. 'பாட்டி காலத்துப் பழக்கம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் மேற்சொன்ன மூன்றில் முதல் இரண்டும் பாட்டி காலத்தவை அல்ல. மிக்ஸிக்கு முன் அவை பிறந்திருக்கவே முடியாது. மூன்றாவது, கல்லுரல் காலத்திலிருந்து மின்சாரக் காலத்துக்கு இடம்பெயர்ந்தது.

அடுக்களைக் கருவி மாறும்போதுதான் குறிப்பு பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கை பழகிச் செய்துவந்த ஒன்றைப் புதிய கருவி செய்யத் தவறும்போது, அந்தக் குறையை ஈடுகட்டச் சொற்கள் தேவைப்படுகின்றன. இதனைத் தமிழ் வீட்டு அரவைக் கருவிகளின் வரலாற்றைக் கொண்டு நிறுவ முயல்கிறேன்.

நான்கு கற்கள், நான்கு வேலைகள்

தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களின் அகழாய்வுகளில் அரைகற்கள் பரவலாகக் கிடைத்துள்ளன. கொள்ளு, பாசிப்பயறு, சிறுதானியங்கள் ஆகியவை அம்மக்களின் முதன்மை உணவுப் பயிர்கள் என்பதைத் தொல்தாவரவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, கல்லில் தானியத்தையும் பயறையும் பதப்படுத்தும் பழக்கம் இந்நிலத்தில் நாலாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாதது.

சங்க இலக்கியமும் அதற்குப் பிந்தைய இலக்கியங்களும் குத்தும் வேலையைப் பாட்டோடு சேர்த்தே காட்டுகின்றன. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் உலக்கை மாற்றிக் குத்தியபடி பாடும் வள்ளைப்பாட்டு இடம்பெறுகிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் மூவேந்தரையும் வாழ்த்தும் வள்ளைப்பாட்டு உண்டு. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம், இறைவனின் திருமஞ்சனத்துக்குப் பெண்கள் நறுமணப் பொடி இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது. அரைகல்லைப் பற்றிய நுட்பமான செய்தி நெடுநல்வாடையில் இருக்கிறது: கூதிர்க் காலக் குளிரில் சந்தனம் பூசுவார் இல்லாததால், வடநாட்டிலிருந்து வந்த வெண்ணிற வட்டக்கல் பயனின்றிக் கிடக்கிறது. எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்ற கவனம் அக்காலத்திலேயே இருந்தது.

பிற்காலத் தமிழ் வீட்டில் இந்த வேலைகள் நான்காகப் பிரிந்து நின்றன. நெல்லையும் மாவரிசியையும் உரலில் குத்தினார்கள். பயறுகளைத் திருகையில் உடைத்தார்கள். மசாலாவை அம்மியில் அரைத்தார்கள். ஊறிய அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் ஆட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் உடலின் அமர்வு வேறு, அசைவு வேறு, ஒலி வேறு. அம்மியில் மிளகாயை இரண்டு கல் உப்போடு முதலில் நசுக்கி, பிறகு மல்லி, கடைசியில் தேங்காய் என்ற வரிசையில் வைப்பார்கள். கல் உப்பின் சொரசொரப்பு மிளகாய்த் தோலைக் கிழிக்கும். தேங்காய் முதலிலேயே சேர்ந்தால் அதன் எண்ணெயில் மற்றவை வழுக்கி ஓடிவிடும். இறுதியில் அம்மியைக் கழுவிய தண்ணீரும் குழம்புக்குள் போகும். இவற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் சிறுமிக்கு எழுத்து தேவைப்படவில்லை.

கல்லைப் பேணுவதும் தனித் தொழிலாக இருந்தது. அரைத்து அரைத்து வழுவழுப்பான அம்மியையும் ஆட்டுக்கல்லையும் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவதற்கென்றே தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வருவோர் இருந்தனர். கொத்திய கல்லில் முதலில் தவிட்டையோ நொய்யையோ அரைத்துக் கொட்டிக் கல்துகளை நீக்கிய பிறகே சமையலுக்கு அரைப்பார்கள். புதுக் கிரைண்டருக்கு இன்று சொல்லப்படும் குறிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உரல் முதலில் வெளியேறியது

நான்கு கற்களில் முதலில் இயந்திரத்திடம் தோற்றது உரல். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெல் விளையும் மாவட்டங்களில் அரிசி ஆலைகள் பெருகின. இம்மாற்றம் வீட்டு வேலையைக் குறைத்ததோடு நிற்கவில்லை. உடல்நலக் கேள்வியையும் எழுப்பியது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்கேரிசன், தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1918-இல் குன்னூரில் தொடங்கிய அந்தச் சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934 டிசம்பரில் காந்தியின் முயற்சியால் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராகக் கைக்குத்தல் அரிசியை ஊர் ஊராக வலியுறுத்தினார். சத்தும் கிராமத்து வேலைவாய்ப்பும் ஒருசேரக் காக்கப்படும் என்பது அவர் வாதம். விடுதலைக்குப் பிறகு 1958-இல் இயற்றப்பட்ட அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் ஆலைகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் உரல் திரும்பவில்லை. காரணம் எளியது: தவிடு நீங்கிய வெள்ளை அரிசியை இயந்திரமும் தந்தது, அதையே மக்கள் விரும்பினார்கள், குத்தும் உழைப்போ கடுமையானது. திருகையின் கதையும் இதுவே. தெருமுனை மாவு மில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மிளகாயும் மல்லியும் வெயிலில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோகும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. "முன்னால் அரைத்தவர் என்ன அரைத்தார் என்று கேட்டுக்கொண்டு போடு" என்பது அந்த மில் வரிசையில் பிறந்த குறிப்பு.

உளுந்து ஏன் கல்லைக் கேட்டது?

ஆட்டுக்கல் மட்டும் வேறு வழியில் சென்றது. அதற்குக் காரணம் உளுந்தின் இயல்பு. ஏறத்தாழ கி.பி. 920-ஐச் சேர்ந்த கன்னட நூல் வட்டாராதனையிலும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்திலும் உளுந்து மாவுப் பண்டங்களைக் காட்டும் உணவு வரலாற்றாய்வாளர் கே.டி. அச்சயா, அவற்றில் அரிசிக் கலப்பும் நீண்ட நேரப் புளிப்பும் காணப்படவில்லை என்கிறார். இன்றைய இட்லி அதன் பிற்கால வளர்ச்சி.

அந்த வளர்ச்சியின் அறிவியல் பின்புலம் 1965-இல் வெளியான ஆய்வொன்றில் தெளிவானது. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முதன்மைப் பங்கு லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற நுண்ணுயிருக்கு என்று அவ்வாய்வு காட்டியது. உளுந்தின் புரதமும் அதிலுள்ள வழவழப்பான கூட்டுச் சர்க்கரையும் சேர்ந்து, வெளிவரும் வாயுவைப் பிடித்துவைக்கின்றன. இது நடக்க வேண்டுமானால் உளுந்து நசுங்க வேண்டும், காற்றை உள்வாங்க வேண்டும், சூடாகக் கூடாது. மெதுவாகச் சுழலும் கல் மூன்றையும் செய்கிறது. ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை விளிம்புக்கு ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடும். மாவு பதமாகிவிட்டதா என்பதை அந்தத் தள்ளும் கைதான் அறியும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை, அந்தக் கை விலகிய பின் மேலும் தேவைப்பட்ட ஒன்று.

கோவை தந்த விடை

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது கோயம்புத்தூரின் போக்கை மாற்றியது. பஞ்சாலைகள், பம்புசெட்டுகள், வார்ப்பகங்கள் பெருகின. 1937-இல் உருவான உள்நாட்டு மின்மோட்டார் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு இணைந்தது. மோட்டாரும் கடைசல் பட்டறையும் பக்கத்தில் கல்லும் இருந்த அந்த ஊரில், 1955-இல் பி. சபாபதி மின்சாரத்தால் இயங்கும் ஈர அரவை இயந்திரத்தை உருவாக்கினார்.

இதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒரு தலைகீழ் மாற்றம் தெரியும். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரிலோ கீழுள்ள பாத்திரம் சுற்றும். குழவி இருந்த இடத்திலேயே பிடித்துவைக்கப்பட்டு, உராய்வால் மட்டும் தன் அச்சில் உருளும். மாவைத் தள்ளிவிட்ட கையின் இடத்தில் ஓரத்தை வழிக்கும் பலகை வந்தது. கையின் இரு வேலைகளும் இயந்திரத்துக்கு மாறின, கல் மாறவில்லை. ஊத்துக்குளிப் பகுதிக் கல் இதற்குப் பேர்போனது. ஹோட்டல்களுக்கான பெரிய கிரைண்டர், சாய்த்து மாவெடுக்கும் கிரைண்டர், மேசைமேல் வைக்கும் சிறு கிரைண்டர் என்று வடிவம் சுருங்கிக்கொண்டே வந்தபோதும் கல் நீடித்தது.

அரசு ஆவணங்களும் இதை ஏற்றுக்கொண்டன. 2005-06-இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. 2019-இல் சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டபோது, 'கல்லை அரைப்பானாகக் கொண்டவை' என்றே வரிப் பட்டியல் இவற்றை அடையாளப்படுத்தியது. 2022-இல் அந்த வரி 18 விழுக்காடாக உயர்ந்தது கோவையின் சிறு பட்டறைகளைப் பாதித்தது. 2011 தேர்தலில் மிக்ஸியும் கிரைண்டரும் இரு பெரும் கட்சிகளின் வாக்குறுதிகளிலும் இடம்பெற்றன. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அரவை உழைப்பு பெண்களின் உழைப்பு என்பதை அரசியல் ஒப்புக்கொண்ட தருணம் அது.

மிக்ஸியும் எழுத்துக் குறிப்பும்

அம்மியின் இடத்துக்கு வந்த மிக்ஸி வேறு தத்துவத்தில் இயங்குவது. 1960-களில் மும்பையில் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர் உருவாக்கிய 'சுமீத்', இந்திய மசாலாவுக்கு ஈடுகொடுக்கும் மோட்டாரோடு வந்தது. ஆனால் அதன் பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று வெட்டுமே தவிர நசுக்காது, கூடவே சூடேற்றும். ஆகவே குறிப்புகள் மிகுதியாகப் பிறந்தது மிக்ஸியைச் சுற்றித்தான். வறுத்ததை ஆறவைத்த பிறகு போடு. விட்டுவிட்டு ஓட்டு. கிரைண்டரில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும், மிக்ஸியில் மூன்றுக்கு ஒன்று வை. ஒரு ஸ்பூன் வெந்தயத்தைக் கூட ஊறவை. ஐஸ் தண்ணீர் தெளி. அரைத்த மாவைக் கையால் கலந்து மூடு. இவற்றுள் பெரும்பாலானவை, கல் தானாகச் செய்ததைப் பிளேடு செய்யாததால் போடப்பட்ட ஒட்டுகள்.

சமையலறிவு எழுத்துக்கு மாறியதும் ஏறத்தாழ இக்காலமே. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951-இல், அதாவது சபாபதியின் கிரைண்டருக்கு நான்கு ஆண்டுகள் முன்னர், வெளிவந்தது. உறவினர்கள் கேட்டுவந்த செய்முறைகளை நூலாக்கத் தூண்டியவர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து நகரங்களில் தனிக்குடித்தனம் வைத்த இளம் பெண்களுக்கு அருகில் மாமியாரும் இல்லை, பாட்டியும் இல்லை; அந்த இடத்தை நூல் நிரப்பியது. அரவை என்றால் கல்லரவை என்றிருந்த காலத்தில் எழுதப்பட்ட செய்முறைகளை மிக்ஸி வைத்திருப்பவர் பின்பற்றும்போது, நூலுக்கும் கருவிக்கும் இடையே இடைவெளி விழுகிறது. அதை நிரப்பும் வேலையை மகளிர் இதழ்களின் துணுக்குப் பகுதிகள் ஏற்றுக்கொண்டன.

மாவுக்கடை என்னும் அடுத்த கட்டம்

அடுத்த மாற்றம் கருவியை வீட்டைவிட்டே வெளியேற்றியது. தெருவோர மாவுக்கடைகளும், 2005-இல் பெங்களூருவில் பி.சி. முஸ்தஃபா தொடங்கிய ஐடி ஃபிரெஷ் போன்ற நிறுவனங்களும் அரைத்த மாவையே விற்கின்றன. வீட்டில் கூலியின்றிச் செய்த வேலை, கிரைண்டர் வாங்கிய பெண்களுக்குச் சிறு தொழிலாகவும் ஆனது. குறிப்புகளின் தன்மையும் உடனே மாறிவிட்டது: புளித்த பாக்கெட் மாவில் சிறிது பால் ஊற்று, பை உப்பினால் துளையிட்டு வை, வாங்கிய அன்றே இட்லி, மறுநாள் தோசை, அதற்கு மறுநாள் ஊத்தப்பம். அரவை பற்றிய ஒரு சொல்கூட இவற்றில் இல்லை.

முடிவுரை

உரலும் திருகையும் மறைந்தன, ஏனெனில் அவற்றின் விளைவை இயந்திரத்தால் தர முடிந்தது. அம்மி மங்கலச் சடங்காக மணவறையில் எஞ்சியது. அதன் நுட்பங்கள் பாதி இழக்கப்பட்டு, பாதி குறிப்புகளாயின. ஆட்டுக்கல் மட்டுமே தன் கல்லோடு இயந்திரமாயிற்று. கிரைண்டரைச் சுற்றிக் குறிப்புகள் குறைவாகவும் மிக்ஸியைச் சுற்றி மிகுதியாகவும் இருப்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று.

எனவே வீட்டுக் குறிப்புகளைத் தொகுப்போருக்கு ஒரு வேண்டுகோள். பாட்டியின் செய்முறையை எழுதும்போது பொருளும் அளவும் மட்டும் போதாது. எந்தக் கல்லில், எந்த இயந்திரத்தில், எந்த ஆண்டு வாக்கில் அரைத்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த வரி இல்லாத குறிப்பு சமையலுக்கு உதவலாம்; வரலாற்றுக்கு உதவாது.