நீலத் துணியின் நெடும் பயணம்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பாண்டியாகரா என்னும் செங்குத்துப் பாறைத்தொடர் உள்ளது. அதன் குகைகளில் தெல்லெம் மக்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்தனர். அங்கே கிடைத்த பருத்தித் துணிகளுள் பழையவை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் அவுரி நீலத்தின் கோடுகள் இன்றும் புலப்படுகின்றன.

அந்நாட்டு ஆடவர் சிறு தறியில் நெய்வது சாண் அகலமும் எட்டாத நீண்ட பட்டைகள். பல பட்டைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தால்தான் போர்வையோ அங்கியோ உருவாகும். சாயமிடுதலோ யொரூபா மக்களிடையே பெண்களின் கலை. கானோ நகரில் ஆண்களின் தொழில்.

நைஜீரியாவிலுள்ள அக்கானோவின் கோஃபர் மாட்டா சாயக்குழிகள் 1498இல் தோன்றியவை என்பது மரபு. குழிநீரில் அவுரியும் சாம்பலும் இட்டு நாட்கணக்கில் நொதிக்க விடுவர். முக்கியெடுத்த துணி முதலில் பசுமை கலந்த மஞ்சளாகத் தோன்றும். காற்றுப் பட்டதும் நீலமாகும். கருநீலம் வேண்டுமாயின் மீண்டும் மீண்டும் முக்க வேண்டும். பின்னர் மரக்கட்டையால் அடித்து மெருகேற்றுவர். பாலைவனத்துத் துவாரெக் மக்கள் விரும்பி அணியும் தலைப்பாகை அதுவே. அதன் நீலம் அவர்தம் முகத்திலும் படியும். 1851இல் கானோவுக்கு வந்த ஜெர்மானியப் பயணி ஹைன்ரிஹ் பார்த், அந்நகரின் துணி சகாராவைக் கடந்து திரிப்போலி வரை செல்வதை எழுதிவைத்தார்.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து நீலமிட்ட துணியைப் பிரெஞ்சு வணிகர் 'கினே' என்றழைத்தனர். செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசினுக்கு ஈடாக அது நாணயம்போல் வழங்கிற்று. அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், இந்தியப் பருத்தித் துணிகளைக் கொடுத்து ஐரோப்பியர் அக்கடற்கரையில் மனிதரை அடிமைகளாக வாங்கினர். நம் நெசவாளியின் வியர்வை, அவன் முகமறியாத சகோதரனின் விலையாயிற்று!

அவன் அறியாமற் செய்தான், அவன்மேல் பழியில்லை. ஆயினும் விலையைக் கேட்டுத் துணி வாங்கும் நாம், அதை நெய்த கை எது, அதற்காக இழந்தவர் யார் என்று கேட்கிறோமா? 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தபின் அக்குழிகள் பல வறண்டன. எஞ்சிய சிலவற்றின் ஓரத்தில் கானோவின் சாயக்காரர் இன்றும் நிற்கின்றனர், முழங்கை வரை நீலம் படிந்த கைகளோடு. ஒவ்வோர் ஆடைக்குப் பின்னும் அத்தகைய கைகள் உண்டு என்பதை மறவாதிருப்போம்.