பழைய கடைவீட்டுச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஏன் ஒத்துவருவதில்லை?

தீபாவளிக்கு முன் புதுச் சாயம் பூசுகிறார்கள். தைப்பூசம் வருவதற்குள் சுவரின் அடிப்பகுதியில் சாயம் கொப்புளித்துவிடுகிறது. விரலால் தட்டினால் வெள்ளை மாவு கொட்டுகிறது. பினாங்கு, மலாக்கா, ஈப்போ, தைப்பிங் நகரங்களின் பழைய கடைவீடுகளில் குடியிருப்போருக்கும் கடை நடத்துவோருக்கும் இது பழகிப்போன காட்சி. குத்தகையாளரைக் கூப்பிட்டால் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசி, மேலே நீர்க்காப்புச் சாயம் அடித்துவிட்டுப் போகிறார். கொஞ்ச காலம் தாங்குகிறது. பிறகு முழங்கால் அளவில் இருந்த ஈரம் இடுப்பளவுக்கு ஏறி நிற்கிறது.

போருக்கு முந்திய கடைவீட்டின் சுவர், இன்றைய தாமான் வீட்டுச் சுவர் போன்றதில்லை. இன்று பாரத்தைக் கான்கிரீட் தூண்கள் தாங்குகின்றன. அன்று செங்கல் சுவரே தாங்கியது. 9 அங்குலமோ அதற்கு மேலோ கனமுள்ள அந்தச் சுவரில் செங்கற்களை இணைத்த சாந்தும் சுண்ணாம்பு, மேல்பூச்சும் சுண்ணாம்பு. அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் பெரும்பாலும் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், செங்கல் மண்ணிலுள்ள நீரை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அவற்றின் வழியே காற்றில் கலந்துவிடும். நனைவதும் உலர்வதுமாக நூறாண்டு நிற்கும்படி கட்டிய சுவர் அது. ‘சுவர் மூச்சுவிடுகிறது’ என்று சொல்வது இதைத்தான்.

சிமெண்டு இந்த வழியை அடைக்கிறது. வெளியேற முடியாத ஈரம் இன்னும் உயரே போய் வழி தேடுகிறது. மண்ணிலிருந்து அதனோடு வந்த உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகிறது. படிகம் வளர வளரச் செங்கல்லின் மேல்பகுதி உதிர்கிறது. அந்தக் காலச் செங்கல் மென்மையானது. சிமெண்டு அதைவிடக் கடினமானது. எனவே பூச்சு பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. அதைவிடக் கவலைக்குரியது கண்ணில் படாத இடம். மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்திரங்களின் முனைகள் இந்தச் சுவருக்குள்தான் செருகப்பட்டிருக்கும். சுவர் ஓயாமல் நனைந்திருந்தால் முனை இற்றுப்போகும், கறையானும் வரும். கீழே நின்று பார்ப்பவருக்கு உத்திரம் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

சுண்ணாம்பு வேலை நம்மவர்களுக்குப் புதியதில்லை. ஆங்கிலேயர் ‘சுனாம்’ என்று எழுதி வைத்ததே நம் சுண்ணாம்பைத்தான். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் சுவருக்கு ‘மெட்ராஸ் சுனாம்’ பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். மலாய்ப் பெயரான கம்போங் காப்போருக்கும் பொருள் அதுவே. அங்குள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்துக்கும் ‘சுண்ணாம்புக் கம்பம் கோயில்’ என்ற பெயர் வழங்கியது. அந்தக் கைவேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டிய காலம் இது.

குளிரூட்டி வந்த பிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. கடைக்குள் குளிர் நிற்க வேண்டும் என்று உட்சுவரில் நுரைப்பலகை ஒட்டுகிறார்கள், பிளாஸ்டிக் சுவரொட்டிக் காகிதம் போடுகிறார்கள். வெளியே இருக்கும் வெப்பமான ஈரக்காற்று சுவர் வழியே உள்ளே வருகிறது. குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் காகிதத்துக்குப் பின்னால் நீராகிப் பூஞ்சை பிடிக்கிறது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிலும் பழைய கனச்சுவர் வீடுகளுக்கு இதே சிக்கல் உண்டு. அங்கே கவனமாகச் செய்பவர்கள், சுவரின் வெளிப்புறத்தில் ஈரத்தை விடக்கூடிய மரநார்ப் பலகையைப் பதித்து, அதன்மேல் சுண்ணாம்பு பூசுகிறார்கள். நம் ஊரில் அந்தப் பலகைக்கு அவசியமில்லை. சுவரை உலர வைத்தாலே பாதி வேலை முடிந்தது, ஏனெனில் நனைந்த செங்கல்லைவிட உலர்ந்த செங்கல்லே வெப்பத்தை நன்றாகத் தடுக்கும்.

சீர்செய்ய நினைப்பவர் பூச்சில் கை வைப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கூரைத் தாரை ஒழுகுகிறதா? ஐந்தடி நடைபாதையையோ சாலையையோ உயர்த்தியதில் மழைநீர் சுவரோரம் தேங்குகிறதா? வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்துக்குச் சிமெண்டுத் தரை போட்டு வடிகாலை அடைத்திருக்கிறார்களா? இவற்றைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் பணம் வீண்.

அடுத்து, சுவரில் இருப்பது எந்தப் பூச்சு என்று பார்க்கலாம். காசால் சுரண்டினால் சுண்ணாம்புப் பூச்சு பொடியாக உதிரும். சிமெண்டு லேசில் கொடுக்காது. சிமெண்டாக இருந்தால், ஈரக்கோட்டுக்கு மேலும் ஓர் அடி வரை மெல்லக் கொத்தி எடுத்து, உப்பைத் தூரிகையால் துடைத்து, சுவரை உலர விட வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். கடை நடத்துபவருக்கு இது பெரிய சங்கடம்தான், ஆனால் அவசரப்பட்டால் மறுபடியும் அதே கதை.

புதிய பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு என்பது வழக்கமான கலவை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகுவதால், ஒரே தடவையில் கனமாகப் பூசக் கூடாது. சுமார் 10 மில்லிமீட்டர் பூசி, அது இறுகியபின் அடுத்த பூச்சுக்குப் போக வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் பொடியாகிவிடும் என்பதால் ஈரச் சாக்கு தொங்கவிடுவார்கள். ‘உறுதிக்குக் கொஞ்சம் சிமெண்டு’ என்று கொத்தனார் சொன்னால் மறுத்துவிடுவது நல்லது. மேலே சுண்ணாம்பு வெள்ளையோ சிலிகேட் கனிமச் சாயமோ அடிக்கலாம். பிளாஸ்டிக் படலம்போல் மூடும் சாயம் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கும்பாபிஷேகத் திருப்பணி நடத்தும் ஆலய நிர்வாகங்களுக்கும் இது பொருந்தும். தோட்டத்திலும் பட்டணத்திலும் பழைய செங்கல் சுவர் கொண்ட கோயில்களில், துடைக்க எளிது என்று இடுப்பளவு தரைஓடு பதிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓட்டுக்குப் பின்னால் ஈரம் ஏறுவது அடுத்த திருப்பணியின்போதுதான் தெரியவருகிறது. கான்கிரீட்டில் எழுப்பிய கோயில்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாயின. அவ்வெல்லைக்குள் வெளிச்சுவரை மாற்றும் முன் மாநகர் மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். சிங்கப்பூரின் பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் உண்டு. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ சம்மதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசுவது நல்லது. நடுச்சுவர் இருவருக்கும் பொது. அவர் தம் பக்கத்தைச் சிமெண்டால் மூடினால், அந்த ஈரமும் இந்தப் பக்கம்தான் வரும்.