மோடமும் வன்தட்டும்: லினக்ஸ் வீட்டுக்கு வந்த கதை

லினக்ஸ் என்றதும் பலருக்குப் பெருநிறுவனங்களின் வழங்கிக் கணினிகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது பிறந்தது ஒரு வீட்டுக் கணினியில். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில், இன்டெல் 386 சில்லும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்ட கணினி ஒன்றைத் தவணையில் வாங்கினார். அதில் மினிக்ஸ் இயங்குதளத்தை நிறுவினார். மினிக்ஸ், பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் தம் பாடநூலுக்குத் துணையாக எழுதி 1987இல் வெளியிட்டது. மாணவர்கள் படித்துப் பழகுவதற்கானது.

டோர்வால்ட்ஸுக்கு வேண்டியிருந்தது சிறிய காரியம். வீட்டிலிருந்தபடியே தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியை எட்ட வேண்டும். மினிக்ஸில் அதற்கிருந்த வசதி அவருக்குப் போதவில்லை. தாமே ஒரு நிரல் எழுதினார். எட்டிய இடத்திலிருந்து கோப்புகளை இறக்கிச் சேமிக்க ஆசை வந்தது. அதற்கு வன்தட்டை இயக்கும் நிரல் தேவைப்பட்டது. பிறகு கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை. ஒன்று மற்றொன்றை இழுத்துவர, கையில் இருப்பது ஓர் இயங்குதளத்தின் கரு என்பதை அவரே சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தார். 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர் குழுவுக்கு எழுதிய அறிவிப்பில், இது வெறும் பொழுதுபோக்கு என்றும் பெரிதாக வளராது என்றும் அடக்கமாகவே சொல்லியிருந்தார். அவர் வைக்க எண்ணிய பெயர் ‘ஃப்ரீக்ஸ்’. வழங்கியில் இடம் ஒதுக்கித் தந்த ஆரி லெம்கே அந்தக் கோப்புறைக்கு ‘லினக்ஸ்’ என்று பெயரிட்டார். அதுவே நிலைத்தது.

செப்டம்பரில் வெளியான 0.01 பதிப்பு அறிந்திருந்த விசைப்பலகை ஒன்றே ஒன்று: ஃபின்னிஷ். எழுதியவரின் மேசையில் இருந்தது அதுதானே! தமிழ் எழுத ஆசைப்பட்டுக் கணினியோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு இந்தச் சின்னத் தகவலில் தனி ஈர்ப்பு உண்டு. தமிழுக்கும் இடம் தந்த யூனிகோடின் முதல் பதிப்பு நூல் வெளியானது அதே ஆண்டு அக்டோபரில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

அடுத்து நடந்தது ஒரு விபத்து. யுனிக்ஸ் மரபில் மோடமும் வன்தட்டும்கூடக் கோப்புகளாகவே பாவிக்கப்படும். ஒருநாள் பல்கலைக்கழகத்தை அழைக்க முயன்ற டோர்வால்ட்ஸ், மோடத்தின் பெயருக்குப் பதிலாக வன்தட்டின் பெயரைக் கொடுத்துவிட்டார். தொலைபேசியை அழைப்பதற்கான கட்டளைகள் மினிக்ஸ் இருந்த பகுதியின் தலைமாட்டில் எழுதப்பட்டன. மினிக்ஸ் போயிற்று. அதைத் திரும்ப நிறுவுவதா, தாம் எழுதியதையே நம்பி இருந்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தபோது அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். ஒரு வீட்டுக் கணினி முழுமையாக லினக்ஸுக்கு மாறிய முதல் நிகழ்ச்சி இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். கைத்தவறுதலால் நேர்ந்த மாற்றம்!

தனிக் கருவால் யாருக்கும் பயனில்லை. அதைச் சூழ வேண்டிய கருவிகளை 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவருடைய தோழர்களும் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். அவர்களிடம் நிரல்மொழி மாற்றி இருந்தது. முடிக்கப்பட்ட கரு இல்லை. 1992இல் டோர்வால்ட்ஸ் தம் கருவைக் குனு பொது உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துக் கொடுக்கலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுப்பவர் அந்த உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். 1993இல் ஸ்லாக்வேர், டெபியன் தொகுப்புகள் தோன்றின. 1996இல் கேடிஈ, 1997இல் க்னோம் திட்டங்கள் தொடங்கப்பட்டன. கறுப்புத் திரைக்கு முன் திகைத்து நின்ற எங்களைப் போன்றோருக்குச் சாளரங்களும் சுட்டியும் வந்து சேர்ந்தது இவற்றின் தயவால்.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது ஒரு கணினிப் பத்திரிகையோடு இணைத்துத் தரப்பட்ட குறுந்தகட்டில். வேறு வழி இருக்கவில்லை. 56 கேபிபிஎஸ் மோடத்தில் 650 மெகாபைட் தகட்டை இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாவிட்டாலும் 26 மணி நேரத்துக்குக் குறையாது. தொலைபேசிக் கட்டணத்தை யார் கட்டுவது? வன்தட்டைப் பிரித்து, பாதியைப் பழைய இயங்குதளத்துக்கு விட்டு, மறுபாதியில் லினக்ஸை நிறுவினோம். மறுதொடக்கம் செய்தபோது திரையில் ‘எல்’, ‘ஐ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தோன்றி நின்றுவிட்டன. லிலோ என்ற தொடக்க நிரல் தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் ஒவ்வொன்றாகக் காட்டும். எந்த எழுத்தில் நிற்கிறதோ அதைக்கொண்டு கோளாறைக் கணிக்கலாம். அன்று எங்களுக்கு இது தெரியாது. பாதிப் பெயரைப் பார்த்தபடி இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தோம்.

அந்த வன்தட்டில் நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து நடத்திய சிற்றிதழின் கோப்புகள் அத்தனையும் இருந்தன. சில கதைகளுக்குக் கைப்பிரதியும் கிடையாது. எழுதிய ஒருவர் அப்போது உயிரோடும் இல்லை. நெகிழ்தட்டுகளில் எடுத்து வைத்திருந்த நகல்களில் இரண்டு படிக்க முடியாமல் பூசணம் பிடித்திருந்தன. மறுநாள் மீட்புத் தகட்டைக் கொண்டு ஏற்றிப் பார்த்தபோது கோப்புகள் பத்திரமாகவே இருந்தன. திறந்தால் தமிழ் இல்லை. மேலே புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நின்றன.

காரணம் எளிது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கங்கள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இணையத்தில் எழுதியவர்களிடையே டிஸ்கி பரவியிருந்தது. எங்கள் கோப்புகள் டிஸ்கியில் இருந்தது நல்லூழ். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தன்னார்வலர்கள் கேடிஈ இடைமுகத்தைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார்கள். லினக்ஸின் அடிப்படை நூலகத்திலும் பின்னர் டிஸ்கி இடம்பெற்றது. அதன்பின் ஒரே கட்டளையில் டிஸ்கியை யூனிகோடாக மாற்ற முடிந்தது. ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிப்பது டிஸ்கி. ககரத்தின்பின் ஓர் உயிர்க்குறி என்பது யூனிகோடு. பழைய தட்டச்சில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் இட்டிருந்த பிழைகளெல்லாம் மாற்றியபின் வெளிப்பட்டன. திருத்த ஒரு மாதம் ஆயிற்று.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மோடத்துக்காகவே பிறந்த லினக்ஸை வீடுகளுக்குள் நுழையவிடாமல் நெடுநாள் தடுத்ததும் மோடம்தான். விலையைக் குறைப்பதற்காக, தன் வேலையில் பெரும்பகுதியைக் கணினியின் தலையில் கட்டிவிடும் ‘வின்மோடம்’ 1990களின் பிற்பகுதியில் பெருகியது. அதை இயக்கும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே கிடைத்தது. நாங்களும் தனியாக ஒரு வெளி மோடம் வாங்கிய பிறகே லினக்ஸிலிருந்து இணையத்தைப் பார்த்தோம்.

நிறுவாமலே தகட்டிலிருந்து இயங்கும் க்னாப்பிக்ஸ் 2000இலும், உபுண்டு 2004 அக்டோபரிலும் வந்தன. கேட்டவர்க்கெல்லாம் தபால் செலவும் வாங்காமல் உபுண்டு தகடு அனுப்பிய திட்டம் 2011இல் நிறுத்தப்பட்டது. எங்களுக்கு வந்த உறைகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறோம். உள்ளே தகடு இல்லை. யாரோ நண்பர் வாங்கிப் போனார், திருப்பித் தரவில்லை. தரவேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை.