பின்னொளியில் மறைந்திருந்த சூப்பர்நோவா

விண்வெளியில் அணுகுண்டுச் சோதனை நடக்கிறதா என்று கண்காணிக்க அமெரிக்கா செலுத்திய வேலா செயற்கைக்கோள்கள் 1967இல் தற்செயலாகப் பதிவுசெய்து, 1973இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்ட காமா கதிர் வெடிப்புகள், சில நொடிகளில் தோன்றி மறைந்துவிட்டதால், எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கே கால் நூற்றாண்டு விடை கிடைக்கவில்லை. அந்த அறிவிப்புக்கு ஐந்தாண்டு முன்பே, அதாவது 1968இல், சூப்பர்நோவாவின் அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளிவரும்போது காமா கதிர்கள் பிறக்கலாம் என்று ஸ்டர்லிங் கோல்கேட் கணித்திருந்தார். அவர் சொன்ன வழிமுறை பின்னாளில் நிலைக்கவில்லையென்றாலும், பெருவிண்மீனின் மரணத்தையும் காமா கதிரையும் இணைத்துப் பார்த்த தொலைநோக்குக்காக அவரை நினைவுகூர வேண்டும்.

1997இல் பெப்போசாக்ஸ் என்ற இத்தாலிய, டச்சுச் செயற்கைக்கோள் வெடிப்பின் இடத்தைச் சில மணி நேரத்துக்குள் ஓரளவு துல்லியமாகக் காட்டத் தொடங்கிய பிறகே, ஒளியியல் தொலைநோக்கிகளுக்கு இந்த ஆய்வில் இடம் கிடைத்தது. வெடிப்பு ஓய்ந்த பின், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் பொருள் சுற்றுப்புற வாயுவில் மோதுவதால் எழுந்து, நாளுக்கு நாள் மங்கிவரும் ஒளிக்குப் பின்னொளி என்று பெயர். சூப்பர்நோவாவின் போக்கு இதற்கு நேர்மாறானது; வெடிப்பில் உருவாகும் கதிரியக்க நிக்கல்-56 முதலில் கோபால்ட்டாகவும் பின்னர் இரும்பாகவும் சிதையும்போது வெளிப்படும் ஆற்றலால் அது மெல்ல மெல்லப் பொலிவு கூடி, இரண்டு வாரம் கழித்தே உச்சத்தை எட்டும். ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் நிகழுமானால், தீவட்டி அணையும்வரை அருகிலுள்ள அகல்விளக்கு தெரியாததுபோல், தொடக்கத்தில் பின்னொளி மட்டுமே தெரியும்.

1998 ஏப்ரல் 25 அன்று தென்வானில் பதிவான வெடிப்பின் இருப்பிடம், முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ பாதி விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் குறுக்கப்பட்டது. டைட்டஸ் கலாமாவும் அவருடைய குழுவினரும் சிலி நாட்டின் லா சில்லா ஆய்வகத்தில் எடுத்த படங்களில், மங்கிவரும் பின்னொளிக்குப் பதிலாக, சுமார் 12 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு சுருள் கேலக்ஸியின் கரத்தில் பொலிவு கூடிவந்த ஒரு சூப்பர்நோவாவைக் கண்டனர். எஸ்.என். 1998பி.டபிள்யூ. என்று குறிக்கப்பட்ட அதன் நிறமாலையில் ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் தெளிவாக இல்லை. வாயு நொடிக்குச் சுமார் 30,000 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் சிதறியதால் நிறமாலைக் கோடுகள் அனைத்தும் விரிந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. வெளிப்படலங்களை இழந்த பெருவிண்மீனின் உள்ளகம் சரிந்ததால் நிகழும் இவ்வகை வெடிப்பு ஐ-சி வகை எனப்படும். ஆனால் இத்தனை வேகமும் ஆற்றலும் கொண்ட ஒன்று அதுவரை அறியப்படாதது.

வட்டத்துக்குள் இந்தச் சூப்பர்நோவா தற்செயலாக அமைந்திருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று எனக் கணக்கிடப்பட்டபோதிலும், ஐயம் தீரவில்லை. அந்தக் காமா வெடிப்பு வழக்கமானவற்றைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வலுக்குறைந்தது என்பதால், இரண்டும் ஒன்றே என்று ஏற்றவர்களிலும் பலர் அதைத் தனியொரு வகையாக ஒதுக்கினர். அவர்களுடைய தயக்கம் நியாயமானது. இடப்பொருத்தம் ஒன்றை மட்டும் வைத்து ஒரு வகை முழுவதற்கும் காரணம் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு மார்ச் 26இல் நிகழ்ந்த வேறொரு வெடிப்பின் பின்னொளி, மூன்று வாரம் கழித்து, எதிர்பார்த்ததைவிட அறுபது மடங்கு பொலிவோடும் மிகச் சிவந்தும் காணப்பட்டதை ஜோஷுவா புளூமும் அவர் குழுவினரும் கெக் தொலைநோக்கியில் கண்டு, அது சூப்பர்நோவாவின் ஒளியே என வாதிட்டனர். ஆயினும் அதன் தொலைவு அளக்கப்படவில்லை; நிறமாலை இல்லாமல் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வளைகோட்டில் தோன்றும் மேடு, சான்றாக ஏற்கப்படும் அளவுக்கு உறுதியானதல்ல.

உறுதியான சான்று 2003 மார்ச் 29 அன்று, சிம்ம விண்மீன் குழுவின் திசையில் தோன்றிய வெடிப்பிலிருந்து கிடைத்தது. ஹெட்டி-2 செயற்கைக்கோள் அறிவித்த அவ்வெடிப்பின் பின்னொளி, சிறிய தொலைநோக்கிகளுக்கும் எட்டும் அளவுக்குப் பொலிவுடன் இருந்தது. அதன் செம்பெயர்ச்சி, அதாவது பேரண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு, 0.168 என அளக்கப்பட்டது. அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது இதன் பொருள். கிர்சிஸ்டோஃப் ஸ்டானெக், தாமஸ் மேத்சன் ஆகியோரின் குழு அரிசோனாவின் 6.5 மீட்டர் எம்.எம்.டி. தொலைநோக்கி முதலியவற்றில் இரவுதோறும் நிறமாலை எடுத்துவந்தது. ஏப்ரல் 4 வரை கிடைத்தவை, தாய்க் கேலக்ஸியின் வாயுக்கள் உமிழ்ந்த சில குறுகிய கோடுகளைத் தவிர, ஏற்றமும் தாழ்வும் இல்லாத வழவழப்பான நிறமாலைகளாகவே இருந்தன. ஏப்ரல் 5க்குப் பின் எடுத்தவற்றில் அகன்ற மேடுகள் எழத் தொடங்கின. தொடக்க நாட்களின் நிறமாலையைப் பின்னொளியின் மாதிரியாகக் கொண்டு, அது மங்கிய அளவுக்கேற்பக் குறைத்து, பின்னைய நிறமாலையிலிருந்து கழித்தபோது எஞ்சிய வடிவம், அதே வயதில் எஸ்.என். 1998பி.டபிள்யூ. காட்டிய வடிவத்தோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போனது. யென்ஸ் யோர்த் தலைமையிலான குழுவும் சிலியிலுள்ள ஐரோப்பிய வி.எல்.டி. தொலைநோக்கியில் இதே முடிவைத் தனியாக எட்டி, வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 36,000 கிலோமீட்டர் எனவும், சூப்பர்நோவாவும் காமா வெடிப்பும் சில நாள் வேறுபாட்டுக்குள் நிகழ்ந்தவை எனவும் காட்டியது. இந்தப் பின்னொளி பலமுறை பொங்கித் தணிந்ததால், அதன் ஒளி வளைகோட்டில் சூப்பர்நோவாவுக்குரிய மேடு தெளிவாகத் தென்படவேயில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பொலிவை மட்டும் அளந்திருந்தால் எஸ்.என். 2003டி.எச். எனப்படும் இச்சூப்பர்நோவா கண்ணில் படாமலே போயிருக்கக்கூடும்.

சுழலும் பெருவிண்மீனின் உள்ளகம் கருந்துளையாகச் சரியும்போது இருமுனைகளிலும் தாரைகள் பீறிடும் என்று ஸ்டான் வூஸ்லி 1993இல் முன்வைத்த கொலாப்சர் கோட்பாட்டுக்கு இதன்பின் வலு கூடியது. எனினும், 2006 ஜூன் 14 அன்று சுமார் 100 நொடி நீடித்த, செம்பெயர்ச்சி 0.125 கொண்ட அருகாமை வெடிப்பொன்றின் இடத்தைப் பெருந்தொலைநோக்கிகள் வாரக்கணக்கில் துருவியும் சூப்பர்நோவா எதுவும் கிடைக்கவில்லை. அங்கே ஒன்று இருந்திருந்தாலும் அது எஸ்.என். 1998பி.டபிள்யூ.வைவிட நூறு மடங்குக்கும் மேல் மங்கலாக இருந்திருக்க வேண்டும்.