மதுரையில் பெண்ணுரிமை இயக்கம்

மதுரையில் பெண்ணுரிமை இயக்கம் என்பது வைகைக் கரையிலுள்ள மாநகரிலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், திண்டுக்கல், அருப்புக்கோட்டை எனச் சுற்றிலும் விரியும் சமவெளியிலும் பெண்கள் கல்விக்கும் கூலிக்கும் சொத்துக்கும் பதவிக்கும், சில காலம் பிறந்த உயிர் பிழைத்திருப்பதற்கும்கூட நடத்திய போராட்டங்களின் வரலாறு. சென்னையில் இதே இயக்கம் சட்டமன்றத்தையும் மாதர் சங்கங்களையும் ஒட்டி வளர்ந்தது. மதுரையில் அது நாடக மேடையிலும் நடவு வயலிலும் குழாயடியிலும் வளர்ந்தது. கூலி, தண்ணீர், கடன் என்று தொடங்கிய பேச்சுதான் இங்கே உரிமையில் போய் முடிந்தது.

பெண் ஆட்சி இவ்வூருக்குப் புதிதல்ல. மகன் இறந்த பின் கைக்குழந்தையான பேரனின் சார்பில் 1689 முதல் மதுரை நாயக்கர் அரசை நடத்திய ராணி மங்கம்மாளின் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் பேசப்படுகின்றன. தமுக்கத்திலுள்ள அவருடைய அரண்மனைதான் இன்றைய காந்தி அருங்காட்சியகம். எனினும் அரசி ஒருத்தி ஆண்டதால் அரண்மனைக்கு வெளியே இருந்த பெண்ணின் நிலை மாறிவிடவில்லை. இயக்கத்தின் கதையை அங்கிருந்து தொடங்குவது பெருமைக்கு உதவலாம், புரிதலுக்கு உதவாது.

பள்ளிக்கூடம் முதலில் வந்தது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் பெண்களுக்கும் பள்ளி தொடங்கினர். கேப்ரன் ஹால் பள்ளி அந்த முயற்சியின் வழிவந்தது. கல்லூரிப் படிப்பில் இடைவெளி மிகப் பெரிது. அமெரிக்கன் கல்லூரி 1881இல் உருவானது. மதுரையின் முதல் மகளிர் கல்லூரியான லேடி டோக் கல்லூரியைக் கேட்டி வில்காக்ஸ் தொடங்கியது 1948இல்தான். நடுவில் 67 ஆண்டுகள். பாத்திமா கல்லூரி 1953இலும், மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி 1965இலும் வந்தன.

அந்த இடைவெளியில் சமவெளியின் தென்பகுதியில் வேறொரு மாற்றம் நடந்தது. 1928இல் அருப்புக்கோட்டை அருகேயுள்ள சுக்கிலநத்தத்தில் புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணம் ஒன்றைப் பெரியார் நடத்திவைத்தார். முதல் சுயமரியாதைத் திருமணமாக அது குறிக்கப்படுகிறது. மறு ஆண்டே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணைப் போலவே சொத்தில் பங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இரண்டையும் சட்டம் ஏற்கப் பல காலம் ஆயிற்று. இத்தகைய திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. தாலி கட்டியோ கட்டாமலோ மாலை மாற்றி, ஊரறிய வாழ்ந்து, பிள்ளை பெற்ற பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டு, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் 60 ஆண்டுகள் கழிந்தன. அப்போதும், அந்தத் திருத்தத்துக்கு முன்பே மணமாகிப் போன மகள்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

காந்திய வழியில் வந்தவர்களில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் (1904–1984) முதன்மையானவர். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறுவயதிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். அவருடைய சமூகத்தில் அப்போது விதவைக்கு விதிக்கப்பட்டது மூலையும் மொட்டைத் தலையும். அவர் டெல்லி சென்று மருத்துவம் படித்தார். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். மருத்துவமனை, கிராமச் சேவகிகளுக்கான பயிற்சி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் என்று விரிந்த அந்த வளாகத்தில் கைம்பெண்களும் கணவரால் கைவிடப்பட்டவர்களும் தொழில் கற்றனர். 1962இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான அவர் மத்திய கல்வித் துறைத் துணை அமைச்சரும் ஆனார்.

கே.பி. ஜானகி அம்மாள் (1917–1992) வந்த வழி முற்றிலும் வேறு. தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்த மதுரைப் பெண். படிப்பைப் பாதியில் விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பாட்டால் பெயர் பெற்றுக் கதாநாயகி ஆனார். மேடையேறிய பெண்ணை ஊர் மதிக்காத காலம் அது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் முன் ஒலிபெருக்கியின்றிக் குரல் எழுப்பக் கற்றவர்களும் அந்தப் பெண்கள்தாம். பிற்காலத்தில் அவர் அரசியல் மேடையில் எளிதாகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டதற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று கருத இடமுண்டு. தேசியப் பாடல்களுக்காகப் பலமுறை சிறை சென்ற எஸ்.எஸ். விஸ்வநாததாஸுடன், அவருடைய சாதியைக் காரணம் காட்டிப் பல நடிகையர் நடிக்க மறுத்தபோது, ஜானகி இணைந்து நடித்தார். பெண் விடுதலையையும் சாதி ஒழிப்பையும் வெவ்வேறாகப் பார்க்காத மனம் அவருக்கு அப்போதே வாய்த்திருந்தது.

காங்கிரசில் தொடங்கிப் பொதுவுடைமை இயக்கத்துக்குச் சென்ற அவர், இரண்டாம் உலகப் போருக்கு எதிராகப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டார். மேடையில் சம்பாதித்த நகையும் சொத்தும் கட்சிக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் போயின. 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். 1970களில் பாப்பா உமாநாத் முதலியோருடன் சேர்ந்து ஜனநாயக மாதர் சங்கத்தைத் தமிழ்நாட்டில் கட்டினார். 1981இல் சென்னையில் பிறந்த அகில இந்திய அமைப்புக்கு அதுவும் ஓர் ஊற்று. மதுரையில் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தனர்.

உசிலம்பட்டிப் பகுதியின் பெயர் நாட்டுக்குத் தெரிந்த விதம் கொடுமையானது. 1920 ஏப்ரல் 3 அன்று, சில சாதியாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக நடத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டபோது, குண்டடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் உயிரிழந்தார். அத்தகைய பெண் பிறந்த அதே மண்ணை 1986இல் ‘இந்தியா டுடே’ இதழ் பெண் சிசுக்கொலைக்காக அட்டைப்படத்தில் போட்டது. பெண் சிசுவைக் கொல்லப் புகட்டிய கள்ளிப்பால் என்ற சொல் நாடெங்கும் பரவியது. 1994இல் வந்த பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ அதைத் திரையில் காட்டியது.

இதை ஒரு சாதியின், ஒரு தாலுகாவின் குணமாகக் காட்டியது பெரும் பிழை. ஒரு தலைமுறைக்கு முன்வரை பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துக் கட்டிய குடும்பங்கள் இவை. பாசனமும் பணப்பயிரும் அரசு வேலையும் வந்தபின் பரிசம் தலைகீழாகி வரதட்சணை ஆயிற்று. பெண்ணின் உழைப்புக்கு இருந்த மதிப்பு சரிந்தது. கிராமத்துக்குக் கள்ளிப்பால் என்றால் நகரத்துக்கு ஸ்கேன் இருந்தது. அந்தச் செயலுக்கு யாரும் ஊர்ப் பெயர் சூட்டவில்லை. அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளுக்கும் விரித்தது. தொட்டில் பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் பெற்றவள் ஏன் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுப் போக நேர்ந்தது என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. அதைக் கிராமம் கிராமமாக எழுப்பியவர்கள் பெண்கள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும்தான்.

எழுத்திலும் இந்த வட்டாரம் ஒரு திருப்பத்தைத் தந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையில் வெளியாயிற்று. தலித் பெண் தன் வாழ்வைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதியதும், பெண் என்றால் எந்தப் பெண் என்று கேட்காமல் இனிப் பெண்ணுரிமை பேச முடியாது என்றாயிற்று.

உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற ஏற்பாட்டோடு 1996இல் நடந்த தேர்தலில், வில்லாபுரம் பகுதி மக்கள் மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதியை மதுரை மாநகராட்சிக்கு அனுப்பினர். அங்கே தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. குடமேந்தி நின்ற பெண்களுக்காக அவர் குழாய்த் தண்ணீர் கேட்டார். விற்பவர்களுடைய வருமானத்தில் அது கைவைத்தது. 1997 ஏப்ரல் 23 அன்று தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவி ஏற்று ஓராண்டுகூட நிறையவில்லை. ஒதுக்கீட்டில் வந்த பெண்கள் கணவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் என்று கேலி பேசிய காலத்தில், கவுன்சிலர் பதவியை உயிரைக் கொடுத்து மெய்யாக்கியவர் அவர்.

அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரியில் சின்னப்பிள்ளை நடவு, களையெடுப்பு, அறுப்புக்குப் போகும் ஆட்களின் கொத்துத் தலைவி. எழுதப் படிக்கத் தெரியாதவர். பேசிய கூலி கொத்திலுள்ள எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று நிலக்காரர்களிடம் வாதாடியே தலைமை பழகியவர். 1990களில் களஞ்சியம் சுயஉதவிக் குழுக்கள் வந்தபோது, கந்துவட்டிக்காரரிடம் சிக்கியிருந்த பெண்களைச் சிறுசேமிப்பில் சேர்த்தார். 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது.

2016இல் தமிழ்நாடு உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தியது. 2022 தேர்தலுக்குப் பின் மதுரை மேயர் நாற்காலியில் இந்திராணி பொன்வசந்த் அமர்ந்தார். அவருக்கு முன்பே, 2006இல், தேன்மொழி கோபிநாதன் அதில் அமர்ந்திருந்தார். 2023 செப்டம்பர் 15 அன்று மாநில அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா வேலைக்கான அங்கீகாரம் என்று அரசு அதைச் சொல்லிற்று. உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் மகளிர் உரிமைத் தொகை என்றே வைத்தது.